மறுவீட்டுப் பால்

பால் பாக்கெட்டின் வலது மூலையில் பச்சையாக ஒரு பொட்டு இருக்குமே, பார்த்திருப்பீர்கள். கள்ளிமேட்டில் இருக்கும் வெண்தாரைப் பால் கம்பெனியில் அந்தப் பொட்டுக்குப் பொறுப்பு நான். பெயர் கோகிலவாணி. பதினெட்டு வருஷமாக அங்கே லேப் இன்சார்ஜ். இப்போது இல்லை.

அந்தப் பொட்டு வருவதற்கு முந்தைய காலத்தையும் நான் பார்த்திருக்கிறேன். பாலில் கிருமி இருக்கிறதா என்று தெரிய ஒரு கண்ணாடித் தட்டில் ஊற்றி வைத்து இரண்டு நாள் காத்திருப்போம். தட்டில் புள்ளி புள்ளியாக முளைத்து வருவதற்குள் அந்தப் பாலை ஊரே குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருக்கும். அப்போதுதான் உயிரெண் மானி வந்தது. ஒரு சொட்டுப் பாலை ஒளிக்குக் கீழே வைத்தால் போதும். அதில் எத்தனை கிருமி உயிரோடு இருக்கிறது என்று ஒரே நொடியில் சொல்லிவிடும். பூஜ்யம் வந்தால் மெஷினே பாக்கெட்டில் பச்சைப் பொட்டை அச்சடிக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனிமேல் பாலால் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது என்று மனசார நம்பினேன்.

அடுத்த வருஷமே சட்டம் வந்தது. பொட்டு வைத்த பாக்கெட்டுக்குக் கம்பெனி பொறுப்பில்லை. பொட்டு இருந்தால் பால் சுத்தம், பால் சுத்தமென்றால் தப்பு வீட்டில்தான் நடந்திருக்க வேண்டும். இதற்கு ‘இல்லக் கவனக்குறைவு’ என்று ஒரு பெயரும் வைத்தார்கள். எந்த ஏசி அறையில் உட்கார்ந்து யோசித்தார்களோ தெரியவில்லை. இந்த ஊரில் ‘இல்லம்’ என்று எழுதினால் அதற்குள் இருப்பது பெண்தான் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பாலை எழுபத்திரண்டு டிகிரிக்குச் சூடாக்கி, பதினைந்து விநாடி அப்படியே வைத்து, சட்டென்று குளிர வைப்போம். நோய்க் கிருமிகளைக் கொல்ல அது போதும். ஆனால் நல்ல பாலைக் காப்பாற்றத்தான் அந்தச் சூடே தவிர, கெட்ட பாலை நல்ல பாலாக்க அல்ல. இது நான் கல்லூரியில் முதல் வருஷம் படித்த பாடம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

கோடையில் எங்கள் பக்கம் நாற்பத்து நான்கு டிகிரி வெயில். மத்தியானம் முழுக்கக் கரண்ட் இருக்காது. கடைக்காரர்கள் விற்காத பாக்கெட்டுகளைக் கிரேட்டில் அடுக்கித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதைச் சாண எரிவாயுத் தொட்டியில் கொட்ட வேண்டும் என்பது விதி. மானி வந்த பிறகு எங்கள் மேலாளர் அருள்குமரன் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். திரும்பி வந்த பாலை இன்னொரு தடவை சூட்டுக் குழாயில் விட்டால் அதற்கும் பூஜ்யம்தான் வருகிறது. மூன்றாம் தடவை விட்டாலும் பூஜ்யம்தான். அந்தப் பூஜ்யத்துக்கு வெட்கம் மானம் கிடையாது. காலையில் கறந்த பாலுக்கும் அதே பூஜ்யம், வெயிலில் வெந்த பாலுக்கும் அதே பூஜ்யம். திரிந்ததை மட்டும் கொட்டிவிட்டு, திரியாததை வெட்டி ஊற்றிப் புதுப் பாலோடு கலக்கச் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. மானி காட்டுகிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. பால் பிளாண்டுகளில் ‘செவி’ என்று ஒரு கருவி உண்டு. லைனில் யார் என்ன வேலை சொன்னாலும் அது கேட்டு, நேரத்தோடும் இடத்தோடும் பதிந்துகொள்ளும். ‘ரிட்டர்ன்’ என்ற சொல் அதில் விழுந்தால் இன்ஸ்பெக்டர் வந்து நிற்பார். இதற்குச் சரக்கு இறக்கும் மேடையின் சூப்பர்வைசர் பொங்கியண்ணன் வழி கண்டுபிடித்தார். அறுபது வயது, வாயில் எப்போதும் கேலி. ஒருநாள் கிரேட்டுகளைப் பார்த்துவிட்டு, கட்டிக்கொடுத்த பெண் மூன்றாம் நாளே அம்மா வீட்டுக்கு வருகிற மாதிரி வந்து நிற்கிறது பார் என்றார். அன்றிலிருந்து ரிட்டர்ன் பாலுக்கு எங்களிடம் ‘மறுவீடு’ என்று பெயர். எல்லாரும் சிரித்தோம். அதிகம் சிரித்தது நான்தான். அந்தப் பேச்சை வளர்த்து, குளிர் அறைக்குப் பந்தல் என்றும், திரும்பி வந்த சரக்குக்கு உறம்பரை, அதாவது விருந்தாளி என்றும், கிரேட்டுக்கு ஆள் என்றும் பெயர் வைத்ததும் நான்தான்.

ஏட்டைப் புரட்டினால் கள்ளிமேட்டுக்கு ஒரு பாக்கெட்கூடத் திரும்பி வந்ததே கிடையாது.

சித்திரைக் கடைசியில் ஊருக்குள் பிள்ளைகளுக்கு வாந்தி. ஒரே நாளில் பதினொரு வீடு. பத்துப் பிள்ளைகள் பிழைத்துக்கொண்டன. பதினொன்றாவது வீட்டில் முகில் என்ற பையன், வயது ஒன்றேகால், மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அவனும் முகிலா என்ற பெண்ணும் இரட்டைப் பிள்ளைகள். முகிலாவுக்கு அன்று பால் பிடிக்கவில்லை, வாயில் வைத்ததைத் துப்பிவிட்டாள். அதனால் தப்பித்தாள்.

அம்மா சஷ்டிகா, பனியன் கம்பெனியில் பீஸ் மடிக்கிறவள். வீட்டுக்காரர் லாரி ஓட்டி குஜராத் பக்கம் போயிருந்தார். அவர் வந்து சேர்வதற்குள் பையனைப் புதைத்தாகிவிட்டது. அது முடிந்த மூன்றாம் நாள் சிசு நல மன்றத்திலிருந்து இரண்டு பேர் வந்து, இல்லக் கவனக்குறைவு விசாரணை முடியும்வரை என்று சொல்லி முகிலாவைக் காப்பகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தப்பு தாயின் மேல் என்று தீர்ப்பானால் பிள்ளை திரும்பி வராது, வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். மற்றப் பத்து வீட்டுக்கும் எச்சரிக்கை நோட்டீஸ். பதினொரு வீட்டில் ஒரே நாளில் பதினொரு அழுக்கு டம்ளரா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பதினொன்றும் தனித்தனிக் கோப்பு. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் சந்தேகமாகத் தெரியாது.

கம்பெனி சார்பில் சாட்சி சொல்ல என்னை அனுப்பினார்கள். அருள்குமரன் மரியாதைக்காரர், எல்லாரையும் மேடம் என்றுதான் கூப்பிடுவார். மூன்றே வாக்கியம் சொன்னால் போதும் மேடம் என்றார். பாக்கெட்டின் உயிரெண் பூஜ்யம். மானி சரியாக வேலை செய்தது. பொட்டு சட்டப்படி வைக்கப்பட்டது. மூன்றும் உண்மை. பொய் சொல்லச் சொல்லியிருந்தால் நான் எதிர்த்திருப்பேன் என்றுகூட நினைக்கிறேன். அவர் உண்மையைத்தான் சொல்லச் சொன்னார்.

மன்றத்தில் விசாரணை அலுவலர் தமயந்தி என்று ஓர் அம்மாள். கெட்டவர் இல்லை, குரலைக்கூட உயர்த்தமாட்டார். முன்னால் இருக்கும் படிவத்தில் என்ன இருக்கிறதோ அதைக் கேட்பார். முதல் கேள்வி, பாலைக் காய்ச்சினீர்களா. சஷ்டிகா காய்ச்சினேன் என்றாள். அவள் வீட்டு அடுப்பும் இந்தக் காலத்து அடுப்புதான், எல்லாவற்றையும் பதிகிறது. காலை ஆறு பத்துக்குப் பால் பொங்கி வழிந்திருக்கிறது, பிறகும் இரண்டு நிமிஷம் கொதித்திருக்கிறது. சரி, அதோடு விட்டார்களா? படிவத்தில் அடுத்து கரண்டி இருந்தது. கரண்டியைக் கழுவினீர்களா என்று கேட்டார்கள். அப்புறம் டம்ளர். அப்புறம் அவளுடைய கை.

"கையக் காட்டுங்கம்மா."

சஷ்டிகா இரண்டு கையையும் மேஜைமேல் நீட்டினாள். பிள்ளையைப் புதைத்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. தமயந்தி அம்மாள் குனிந்து பார்த்து, நகம் வெட்டப்படவில்லை என்று எழுதிக்கொண்டார். என் முறை வந்தபோது எழுந்து நின்று, மூன்று வாக்கியத்தையும் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னேன்.

உட்காரப் போனபோது சஷ்டிகா கூப்பிட்டாள்.

"அக்கா, உங்களை ஒண்ணு கேக்கலாமுங்களா?"

அலுவலர் தலையசைத்தார்.

"பாக்கெட்டுல கிருமி ஒண்ணுகூட உசுரோட இல்லைங்கறீங்க. சரிங்க. செத்தது எங்க போச்சுங்க?"

எங்கும் போகாது, பாலிலேயேதான் கிடக்கும் என்றேன்.

"சாகறதுக்கு முன்னால அது சும்மாவாங்க இருந்துச்சு?"

பதினெட்டு வருஷத்தில் எந்த இன்ஸ்பெக்டரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. பதில் எனக்குத் தெரியும். சில கிருமிகள் பால் வெயிலில் நிற்கும்போது பெருகி, பெருகும்போதே விஷத்தைக் கக்கும். சூட்டில் கிருமி செத்துவிடும். விஷம் அப்படியே இருக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. உயிரோடு இருப்பதை எண்ணும் மானிக்கு உயிரில்லாத விஷம் கண்ணில் படாது. இவ்வளவும் நாக்கு நுனியில் நின்றது. நான் சொன்னது என்ன தெரியுமா? என் சோதனையில் அது வராது என்றேன். நாலாவது வாக்கியம், அதுவும் உண்மை.

"உங்க சோதனையில வராதுங்க. எம்பையன் வயித்துல வந்துச்சு" என்றாள் சஷ்டிகா. குரலை உயர்த்தாமல், என்னவோ ஒரு தகவல் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

விசாரணையை மறுநாளைக்குத் தள்ளி வைத்தார்கள். நான் வீட்டுக்குப் போகாமல் நேராகப் பிளாண்டுக்குப் போனேன். அந்தப் பிள்ளைகள் குடித்த பாலில் ஒரு பாக்கெட்டாவது கிடைத்தால் விஷத்தைச் சோதித்துவிடலாம் என்று எண்ணம். ஒவ்வொரு தொகுதியிலும் ஐந்து பாக்கெட் எடுத்துக் குளிரில் வைப்பது வழக்கம். பத்து நாள் வைத்துக் கொட்டிவிடுவார்கள், கொட்டியிருந்தார்கள். பாக்கெட் கிடைத்திருந்தாலும் சோதிக்க மருந்து இல்லை. பொட்டுச் சட்டம் வந்த பிறகு விஷச் சோதனை மருந்து வாங்குவதை நிறுத்திவிட்டோம். வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவளும் நான்தான்.

பொங்கியண்ணன் மேடையில் காலிக் கிரேட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். கேலி எதுவும் வரவில்லை. குழாயை மூடிவிட்டு, அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது என்றார். அன்று மறுவீடு மிக அதிகம், குளிர் அறை பழுது. ஆனால் எதற்கும் காகிதம் கிடையாது. சாட்சி என்றால் அவரும் நானும் பேசிக்கொண்டது மட்டும்தான்.

"அந்தப் பேச்சும் செவியில இருக்காதுங்க அம்மிணி. அதுக்கு நம்ம பேச்சு புரியாதுன்னுதான அந்தப் பேரே வெச்சோம்" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் பொறி தட்டியது. செவிக்குப் புரியவில்லைதான். ஆனால் காதில் விழுந்ததே.

செவி வந்த புதிதில் சங்கம் பெரிய சண்டை போட்டது. லைனில் நின்றுகொண்டு சொந்தக் கதையும்தான் பேசுவோம், அதையும் கம்பெனி கேட்குமா என்று வேலை நிறுத்தமே நடந்தது. கடைசியில் ஓர் ஏற்பாடு ஆனது. கேட்கிற பேச்சைச் செவியே இரண்டாகப் பிரிக்கும். வேலைப் பேச்சு கம்பெனிக்கு. வீட்டுப் பேச்சு அவரவர் பெயரில் உள்ள பெட்டிக்குப் போகும், அவரவர் குரல் சொன்னால்தான் திறக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல், நாத்தனாரோடு மனத்தாங்கல், கொழுந்தியாளுக்குக் கல்யாணம் எல்லாம் அதில்தான் இருக்கும். கம்பெனியால் அதைத் தொடவே முடியாது. மறுவீடு, உறம்பரை, பந்தல், பொட்டு என்று பேசினால் ஒரு மெஷின் அதை எந்தப் பக்கம் போடும்?

லேப் கதவைச் சாத்திக்கொண்டு என் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். தேதியைச் சொன்னதும் எடுத்துக் கொடுத்தது. ஒரு தடவை கேட்டேன். இரண்டாவது தடவை கேட்கத் தைரியம் வரவில்லை.

திரும்ப மேடைக்கு வந்தபோது பொங்கியண்ணன் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"என்னைய மாட்டி உட்ருவீங்களா அம்மிணி?"

"ரெண்டு பேரும்தாண்ணா மாட்டுவோம். உங்க குரலும் இருக்குது. நீங்க வேண்டாம்னா நான் போட மாட்டேன்."

அவர் கிரேட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"என்ற பேத்திக்கும் ஒண்ணேகால் வயசுதானுங்க. அன்னிக்கு அது ஊருக்குப் போயிருந்துச்சு. போடுங்க."

மறுநாள் மன்றத்தில் அருள்குமரனும் வந்திருந்தார். என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். இன்னும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருக்கிறது என்று அலுவலரிடம் அனுமதி கேட்டு, என் பெட்டியை அங்கேயே, எல்லார் முன்னாலும் குரல் கொடுத்துத் திறந்தேன். முதலில் பொங்கியண்ணனின் குரல் வந்தது.

"அம்மிணி, மறுவீட்டுக்கு உறம்பர வந்திருக்குதுங்க. நாப்பது பேரு."

"நாப்பதா? எப்ப வந்தாங்க?" இது நான்.

"காத்தாலயே வந்துட்டாங்க. பந்தலும் சரியில்லீங்க, வெயில்லதான் உக்கார வெச்சிருக்குது. ரெண்டாவுது தடவ வந்தவங்களும் இருக்கறாங்க. கிட்டப் போனா லேசா வாடையடிக்குது."

"வெயில்ல வந்தவங்கன்னா வாடையடிக்கத்தான் செய்யும். சுடுதண்ணி வாத்து, பொட்டு வெச்சு அனுப்பிருங்க. போற எடத்துல யாரும் மோந்து பாக்க மாட்டாங்க."

அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு. நல்ல கலகலப்பான சிரிப்பு. அறைச் சுவரெல்லாம் பட்டுத் திரும்பி வந்தது.

தமயந்தி அம்மாள் குழம்பிப்போய், இது ஏதோ கல்யாண வீட்டுப் பேச்சாக இருக்கிறதே என்றார். அருள்குமரன் உடனே எழுந்தார். இது தனிப்பட்ட உரையாடல், செவியே அப்படித்தான் வகைப்படுத்தியிருக்கிறது, இதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை என்றார். தனிப்பட்டதுதான், என்னுடையது, என் பெட்டியை நானேதான் திறக்கிறேன் என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னேன். பேச்சு பதிவான இடம் மூன்றாம் எண் தொட்டி, நேரம் பிள்ளைகள் வாந்தியெடுத்ததற்கு முந்தின நாள் பகல் பதினொன்று இருபது. அந்தத் தொட்டிப் பால்தான் மறுநாள் விடிகாலை அந்தப் பதினொரு வீட்டுக்கும் போனது. மறுவீடு என்பது கடையிலிருந்து திரும்பி வந்த பால். நாற்பது பேர் என்றால் நாற்பது கிரேட். பந்தல் என்றால் குளிர் அறை. சுடுதண்ணி என்றால் எழுபத்திரண்டு டிகிரி. பொட்டு என்றால் என்ன என்று அவர்களுக்கே தெரியும்.

அலுவலர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். படிவத்தை விட்டுவிட்டு அவராக ஒரு கேள்வி கேட்டது அப்போதுதான்.

"சூடு பண்ணிட்டீங்க. மானி பூஜ்யம்னு காட்டியிருக்கு. அப்புறம் எப்படிம்மா?"

"மானி உயிரோட இருக்கறதைத்தாங்க எண்ணும். வெயில்ல நின்ன நேரத்துல கிருமி விஷத்தைக் கக்கிருச்சு. சூட்டுல கிருமி செத்துச்சு, விஷம் சாகலை. இந்தப் பொண்ணு இன்னும் நாலு தடவை பொங்க விட்டிருந்தாலும், டம்ளரைத் தங்கத்துல செஞ்சு வெச்சிருந்தாலும் அந்தப் பையன் பொழைச்சிருக்க மாட்டான். அவ நகத்துல ஒண்ணும் இல்லீங்க. என் பொட்டுலதான் இருந்துச்சு."

சஷ்டிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சது யாருங்க?" என்று கேட்டாள்.

"நான்தான்."

அவள் திட்டியிருக்கலாம். எழுந்து வந்து அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். தலையை மட்டும் ஆட்டிக்கொண்டாள்.

மத்தியானமே உத்தரவு வந்தது. தாயின் மேல் தவறில்லை, பிள்ளையை இன்றே ஒப்படைக்க வேண்டும். அதே தாளின் அடியில் என்மேலும் பொங்கியண்ணன்மேலும் வழக்குப் பதியச் சொல்லியிருந்தது. அது நியாயம்தான், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்குக் கொதித்தது வேறு விஷயம். மற்றப் பத்து வீட்டு நோட்டீஸும் அப்படியே நிற்கும், அவரவர் தனித்தனியாக மனுப் போட வேண்டும் என்றார்கள். ஒரே தொட்டிப் பால் என்று இப்போதுதானே சொன்னேன் என்றேன். கோப்பு வேறு வேறு என்றார்கள். கம்பெனியின் அறிக்கையும் அதற்குள் வந்துவிட்டது. இரண்டு ஊழியர்கள் நிறுவனத்தின் விதிக்கு மாறாக நடந்துகொண்டார்கள், இனி பிளாண்ட் வளாகத்துக்குள் ‘மறுவீடு’ என்ற சொல்லை யாரும் பயன்படுத்தக் கூடாது. பாலைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. பொட்டைப் பற்றியும் இல்லை. சொல்லை மட்டும் தடை செய்துவிட்டார்கள்.

மூன்று மணிக்கு முகிலாவைக் கொண்டுவந்தார்கள். காப்பகத்தில் முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். முதலில் அம்மாவை அடையாளம் தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சஷ்டிகா வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணு கண்ணு என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அது அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நான் கண்ணில் படாமல் போய்விடலாம் என்று வாசலுக்கு நடந்தேன். அவள் பின்னாலேயே வந்துவிட்டாள்.

நன்றி சொல்ல வரவில்லை, நானும் அதை எதிர்பார்க்கவில்லை. பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என் எதிரே நின்றாள்.

"அக்கா, சாயந்தரம் இவளுக்கு என்னங்க குடுக்கட்டும்?"

என்ன கேட்கிறாள் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை.

"பாலுங்க. அங்க இவளுக்குப் பால் குடுத்துப் பழக்கிப்போட்டாங்களாமா, சாயந்தரமானா பாலுக்கு அழுவாளாம். எந்தப் பாலுங்க குடுக்கறது? உங்களுக்குத் தெரியுமல்லங்க?"

பதினெட்டு வருஷம் பாலையே பார்த்தவள். எந்தக் கம்பெனி, எந்த நிறப் பாக்கெட், எது ஆடை கட்டும், எது கட்டாது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். வாயைத் திறந்தேன். ஒரு பெயர்கூட வரவில்லை. வெண்தாரை மட்டும் இல்லை, எல்லாப் பாக்கெட்டிலும் அதே பொட்டுதான். எல்லாப் பொட்டுக்குப் பின்னாலும் அதே பூஜ்யம்தான்.

"ராகிக் கஞ்சி காய்ச்சிக் குடு கண்ணு" என்றேன்.

"எத்தன நாளைக்குங்க?"

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அவள் பிள்ளையின் தலையில் முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

மன்றத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. கரண்ட் இல்லாததால் கடைக்காரர் பால் கிரேட்டுகளை ரோட்டோரம் வெயிலில் இறக்கி வைத்திருந்தார். வெண்தாரை என்று எழுதிய வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. டிரைவர் இறங்கி, கிரேட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே அடுக்கினார். மேலே கிடந்த பாக்கெட் ஒன்று உப்பியிருந்தது, அதன் மூலையில் பச்சைப் பொட்டு பளிச்சென்று இருந்தது. எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தலைதீபாவளிக்குங்க" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, கள்ளிமேட்டு ரோட்டில் வண்டியைத் திருப்பினார்.